கீறல் இல்லாத நெஞ்சு

கூட வேலை பார்க்கும் நயினார் துணிப்பையிலிருந்து கம்பெனிச் சட்டையை எடுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தான். தேய்த்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தான். அந்தோணிராஜ் அதைத் தொடவில்லை. மருந்து ஏற்றி ஏற்றி இடது கை வீங்கிக் கிடந்தது. போன வாரம் வலது கை இப்படித்தான் வீங்கியது.

சொத்தைப் பல்லிலிருந்து கிளம்பிய கிருமி, ரத்தத்தோடு போய் இதயத்தின் உள் சவ்வில் உட்கார்ந்துகொண்டதாம். "அறுக்க வேண்டாம். ஆறு வாரம் நரம்புல மருந்து ஏத்தினா போதும். ஆனா காய்ச்சல் விட்டுடுச்சேன்னு பாதியில ஓடினீங்கன்னா வால்வை அரிச்சிடும்" என்று டாக்டரம்மா சொன்னபோது, முதல் இரண்டு சொற்கள் மட்டும்தான் அவன் காதில் விழுந்தன. ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். இப்போது பாதி முடிந்திருக்கிறது. காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, பார்க்கிறவர்களுக்கு நல்ல ஆளாகிவிட்டான். அதுதான் வினை.

"சூப்பர்வைசர் மிஷின் லைன்ல எல்லாருக்கும் முன்னால வச்சே கேக்காருல, நீ எப்ப வாரன்னு. நீயே பேசிரு" என்று நயினார் வீடியோ போட்டுக் கொடுத்தான்.

திரையில் சூப்பர்வைசர் டில்லிபாபுவின் முகம் வந்தது. "இன்னாபா, மாமியா வூட்டு விருந்து இன்னும் முடியலியா?"

"இன்னும் மூணு வாரம் ஊசி இருக்கு சார். இதயத்துல..."

"இதயம்னா எங்க சித்தப்பாக்கு ஆபரேசன் பண்ணாங்கோ. நெஞ்சு முழுக்கத் தையலு. நீ சட்டைய தொற, பாக்கலாம்."

அந்தோணிராஜ் பொத்தான்களைக் கழற்றிப் போனை இறக்கிக் காட்டினான். மிஷின் இரைச்சலுக்கு நடுவே டில்லிபாபு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஒரு கீறல்கூட இல்லியேபா. நான் நம்பறேன், கான்ட்ராக்டரு நம்பணுமே? திங்கக்கெழம வந்துரு. இல்லாங்காட்டி வேற ஆள் போட்டுருவான்."

போன் அணைந்தது.

"ஷிப்ட் முடிச்சு வந்து ஊசி போட்டுக்கிட முடியாதால?" என்றான் நயினார்.

"படுத்துக் கிடந்தாத்தான் போடுவாவளாம்."

நயினார் கம்பெனிச் சட்டையைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அதன் காலரை நீவிக்கொண்டிருந்தான். அந்தோணிராஜ் நகத்தால் தன் நெஞ்சின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தான். சிவப்பாக எழும்பியது.

"கையை நீட்டுங்க" என்றபடி சிஸ்டர் மருந்தோடு வந்தார்.

நீட்டினான். மருந்து எரிந்துகொண்டே ஏறியது. பாதி ஏறுவதற்குள் நெஞ்சில் அந்தக் கோடு இருந்த இடமே தெரியவில்லை.