வராத குரல்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டும் இரைச்சலுக்கு நடுவே, அப்சல் பாயின் கடை ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், பழுது பார்க்க வந்த கஸ்பார். இன்டர்நெட் வழியாகப் பேசும் ஃபோன்.

"நாம பேசறது அவனுக்குக் கேக்குது. அவன் பேசறது நமக்கு வரல. செவுத்தாண்ட பேசிக்கினு கீற மாதிரி பேஜாரா கீது கஸ்பாரு," என்றார் அப்சல்.

கஸ்பார் தலையாட்டினார். மனைவி ஜூடியைக் காசிமேட்டுக் கல்லறையில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் அவருக்குத் தலையாட்டத்தான் வந்தது. அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. வேலைக்குப் போனால் கையாவது அசையும் என்று வந்துவிட்டார். ராயபுரம் வீட்டில் மகள் ஜானட் மட்டும். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்த அன்று வாயை மூடியவள் இன்னும் திறக்கவில்லை. ஏதாவது கேட்டால் ஒரு பார்வை, அவ்வளவுதான். அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

ரிசீவரை மாற்றினார், அதே கதை. ஒயரை மாற்றினார், அதே கதை. பழுது ஃபோனில் இல்லை. புதிதாக மாட்டியிருந்த ரவுட்டர்தான் வெளியிலிருந்து வரும் குரலை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் அந்த செட்டிங்கை எடுத்துவிட்டு, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டார். எந்தக் கடையில் வேலை முடிந்தாலும் சோதித்துப் பார்க்க ஜூடியைத்தான் கூப்பிடுவார். இன்றும் விரல்கள் அந்த எண்ணை அழுத்திவிட்டன. அவர் உணர்வதற்குள் மணி அடித்தது. ஜூடியின் ஃபோன் இப்போது ஜானட்டிடம் இருந்தது.

எடுத்துவிட்டாள். திரையில் நொடிகள் ஓடின. சத்தமே இல்லை.

"இன்னா, கேக்குதா?" என்றார் அப்சல்.

கஸ்பாருக்குச் சொல்லத் தெரியவில்லை. குரல் இன்னும் மறிக்கப்படுகிறதா, அந்தப் பக்கம் பேசவே இல்லையா? எந்தக் கருவியை வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

"ஜானட்டு, அப்பாதாம்மா. லைன் வருதான்னு பாக்கணும். எதுனா பேசு."

ஒன்றும் இல்லை.

"அம்மா நம்பருக்கு ஏன் போட்டேன்னு தெர்லம்மா. கை போட்டுட்ச்சி."

தகடு வெட்டும் மெஷின் சற்று ஓய்ந்தது. அப்போதுதான் ரிசீவருக்குள் அது கேட்டது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

"சரியாப்பூட்ச்சா, இல்லியா?"

"ஆய்ட்ச்சி பாய். லைன் நல்லாதான் கீது."

ஆனால் அவர் ஃபோனை வைக்கவில்லை. குடம் நிரம்பியது, வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது. பிறகு குழாய் மூடும் சத்தம். ஈரக் கையால் ஃபோனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றுவதுபோல் ஓர் உரசல். அதன்பின், மிக அருகில், மூச்சு.