முதல் கார்னெட்டின் பாகம்

தாடை இறுகுவதற்குள் பல் செட்டைப் பொருத்திவிட வேண்டும். அவள் ஒரு கையால் அப்பாவின் மோவாயைத் தாங்கிக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் மேல்வரிசையை உள்ளே தள்ளினாள். இருபது வருடமாகப் பல் செட் செய்கிறவள். ஒத்துழைக்காத வாய்க்கு இதுவரை மாட்டியதில்லை.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றான் அண்ணன், கதவருகில் நின்றபடி. "அதுவும் அந்த செட்டை. சாப்பாட்டு செட்டு தம்ளர்ல கெடக்கே, அதப் போடேன்."

"இனிமே அவர் சாப்பிடப்போறாரா?"

"இனிமே வாசிக்கப்போறாரா?"

அப்பாவுக்கு அவள் இரண்டு செட் செய்து கொடுத்திருந்தாள். ஒன்று சாப்பிட, ஒன்று கார்னெட் என்கிற குட்டி ட்ரம்பெட்டை வாசிக்க. வாசிக்கிற செட்டின் முன்பற்களை நான்கு முறை திரும்பத் திரும்ப அரைத்து, ஊதுவாய் உதட்டில் சரியாக உட்காரும்வரை அவரை விடவில்லை. அவரும் அவளை விடவில்லை. "மேல் 'ஸ' வரலம்மா. இன்னும் ஒரு தூசு அளவு கொறை" என்பார். பல் வைத்தியரிடம் யாரும் இப்படிக் குறை சொல்லி அவள் கேட்டதில்லை.

செட் உட்கார்ந்தது. மேலுதடு கொஞ்சம் தூக்கிக்கொள்ள, யாரிடமோ எதிர்த்துப் பேசப்போகிறவரைப் போல ஆகிவிட்டது முகம். அண்ணன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெளியே போனான்.

அன்று விடியற்காலையில் பால் வாங்கிவரச் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வீடு நான்காவது மாடியில், அண்ணன் பெயரில் இருந்தது. அப்பாவுக்கு அதில் ஒரு அறை, அறையில் ஒரு துணி அலமாரி. மூன்று வருடத்துக்கு முன்பு கார்னெட் சத்தம் பற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் யாரோ புகார் கொடுக்க, அண்ணன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அப்பா கார்னெட்டைத் தொடவில்லை. ஊதுவாயை மட்டும் கழற்றி எடுத்து, அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்குள் தலையை விட்டு ஊதுவார். தினமும் இருபது நிமிடம். ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். வேட்டைக்காரனுக்குப் பயந்து புதருக்குள் தலையை நுழைத்த பறவை மாதிரி இருந்தார். "உதட்டைக் காப்பாத்தி வெக்கணும்ல" என்று சிரித்தார். எதற்காகக் காப்பாற்றுகிறார் என்று அவளும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பேண்டு வந்தது. தண்ணீர் வாரியத் தொழிலாளர் பேண்டு. ஊரில் 'குழாய்க்காரங்க பேண்டு' என்றுதான் சொல்வார்கள். அப்பா அங்கே குழாய் பொருத்துநர். பேண்டில் முப்பத்தோரு வருடம் முதல் கார்னெட். வந்தவர்கள் நான்கு பேர்: மீட்டர் ரீடராக இருந்து ஓய்வுபெற்ற இரண்டாம் கார்னெட், கதவை அடைத்துக்கொண்டு நின்ற டியூபாக்காரர், தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் ட்ரம்பெட் அக்கா, டிரம்காரர். கருவிப் பைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கூடத்தில் சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவைப் பார்த்தார்கள்.

"செட்டு போட்டுட்டியா பாப்பா?" என்றார் இரண்டாம் கார்னெட்.

"போட்டாச்சு மாமா."

"எந்த செட்டு?"

"அதான்."

அவர் தலையாட்டிக்கொண்டார். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்து முடித்துத் தம்ளர்களை ஓரமாக வைத்தார்கள்.

ட்ரம்பெட் அக்காதான் ஆரம்பித்தாள். "எனக்கு மொதல் ட்ரம்பெட் வந்தப்ப, புதுசாச்சேன்னு எல்லாத்தையும் கழட்டிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வால்வுகள இடம் மாத்திப் போட்டுட்டேன் போல. ஊதறேன், ஊதறேன், காத்தே போகல. கன்னம் வீங்கிப் போச்சு. என் மூச்சுலதான் ஏதோ கோளாறுன்னு ராத்திரி பூரா அழுகை. மறுநாள் உங்கப்பாகிட்ட கொண்டுபோனேன். ஒரு வார்த்தை பேசல. ஒண்ணாவது வால்வையும் மூணாவதையும் மாத்திப் போட்டுக் கையில கொடுத்துட்டுப் போய்ட்டார்."

"உனக்காவது கழுவத் தெரிஞ்சுது" என்றார் இரண்டாம் கார்னெட். "நான் வால்வுக்குச் சமையலெண்ணெய் விட்டேன். மூணாம் நாள் பசை மாதிரி ஒட்டிக்கிச்சு. ஊர்வலத்துல பாதி வழியில ஒரே சுரம். அந்த ஒரே சுரத்த வெச்சே மொத்த ரோட்டையும் ஒப்பேத்தினேன்."

"அதத்தானே இப்பவும் செய்றீங்க" என்றார் டிரம்காரர்.

டியூபாக்காரர் குலுங்கிச் சிரித்து, பிணம் இருக்கும் வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். "நானும் மொதல்ல ட்ரம்பெட்டுதான். உங்கப்பாதான் என் உதட்டையும் அதையும் மாத்தி மாத்திப் பாத்தார். 'தம்பி, உனக்கு இது விசில் மாதிரி. இந்த டியூபாத் தொட்டியைத் தூக்கு'ன்னார். அன்னைக்குத் தூக்கினது."

"அப்பாவோட மொதல் கார்னெட்டு?" என்று கேட்டாள் அவள். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"காயலான் கடைல வாங்கினது" என்றார் இரண்டாம் கார்னெட். "வண்டி ஏறி, அதோட வாய் சப்பையாயிருந்துச்சு. அரையங்குலக் குழாயை உள்ள விட்டுத் தட்டித் தட்டி நிமித்தினார். ஓட்டை இருந்த எடமெல்லாம் ஈயம். மொத தடவை ஊதினப்ப, தண்ணி வராத குழாயத் தொறந்தா ஒரு சத்தம் வரும் பாரு, அந்தச் சத்தம். மேஸ்திரி கைகொட்டிச் சிரிச்சான். இவர் நிறுத்தல. அவன் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் ஊதினார். அவனுக்குச் சிரிப்பு அலுத்துப்போச்சு, இவருக்கு ஊதறது அலுக்கல."

அப்போதுதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். சவப்பெட்டியருகே போய்க் கண்ணை மூடி நின்றார். மரியாதையில் குறையே இல்லை. திரும்பும்போது அவர் கண் சுவரோரம் இருந்த பைகளில் விழுந்தது.

"தம்பி, இதெல்லாம்…"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"கீழ ரோட்டுக்குப் போனப்புறம் தாராளமா வாசிக்கட்டும். கட்டடத்துக்குள்ள வேணாம். எல்லாருக்கும் பொதுவான விதி. நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க." கையோடு நகலும் கொண்டுவந்திருந்தார்.

அவள் அதை வாங்கிப் படித்தாள். கீழே அண்ணனின் கையெழுத்து இருந்தது. படித்துவிட்டு மடிக்காமல் அவரிடமே நீட்டினாள்.

"'என் தந்தை இனி இக்கட்டடத்துக்குள் எந்த இசைக்கருவியும் வாசிக்க மாட்டார்.' அவ்வளவுதானே சார்? வாசிக்க மாட்டார். நான் உத்தரவாதம் தர்றேன்."

"அம்மா, சாவு வீட்ல நான் தர்க்கம் பண்ண வரல. ஆனா மீறினா சங்கம் நடவடிக்கை எடுக்கும். அதையும் சொல்லிடறேன்."

அவர் போன பிறகு அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்து அப்பாவின் அறைக்குள் இழுத்தான். "நீ சாயங்காலம் உன் வீட்டுக்குப் போயிடுவ. நான்தான் தினமும் இந்தப் படியில ஏறி எறங்கணும். அந்தாளு மூஞ்சில முழிக்கணும்."

"மூணு வருஷம் சட்டைக்குள்ள தலைய விட்டு ஊதினாரே, அப்ப எங்க முழிச்சிட்டிருந்த?"

சொன்னதும் அதிகமாகிவிட்டது என்று தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அண்ணன் திறந்திருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் தொங்கிய சட்டைகள் பெரும்பாலும் அவனுடையவை.

"அவங்க வாசிப்பாங்க" என்றாள். "நீ வேணாம்னா, வேணாம்னு அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. எனக்குச் சொல்ல வராது."

அவன் கூடத்துக்குப் போனான். நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சுவரோரப் பைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அப்பா பாகத்த யார் வாசிப்பாங்க?"

"யாரும் வாசிக்க மாட்டோம்" என்றார் இரண்டாம் கார்னெட். "எங்க வழக்கம் அது. செத்தவரோட பாகத்தக் காலியா விட்ருவோம். நடுவுல முப்பத்திரண்டு எண்ணிக்கை அப்பா மட்டும் தனியா வாசிக்கிற எடம் வரும். அங்க எல்லாரும் நின்னுடணும். நடக்கவும் கூடாது. எண்ணி முடிச்சதும் மறுபடி சேந்து எடுப்போம்."

அண்ணன் போய்ச் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றான்.

லிஃப்டில் பெட்டி படுத்தவாக்கில் போகாது. "நிக்க வெச்சு எறக்கினா மனுஷன் வாசிக்க ஆரம்பிச்சிடுவார்" என்றார் டியூபாக்காரர். படியில்தான் இறக்கினார்கள். முன்னால் அண்ணனும் அவளும், பின்னால் இறுதிச்சடங்கு நிறுவனத்து ஆட்கள் இருவர், அவர்களுக்கு மேலே பேண்டு. டிரம் இரண்டு முறை தட்டியதும் படிக்கட்டு முழுவதும் அதிர்ந்தது. மெதுநடைப் பாட்டு. மெட்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்க, அதைச் சுற்றி இருந்ததெல்லாம் மட்டும் ஒலித்தது. மூன்றாவது மாடியில் கதவுகள் திறந்தன. ஒருவர் திறந்த வேகத்தில் சாத்தினார். ஒரு பெண் ஈரக் கையோடு வெளியே வந்து நின்றாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அவர்களும் நின்றார்கள். பெட்டியின் கனம் முழுவதும் தோளில் இறங்கியது. அவள் எண்ணத் தொடங்கினாள்.

செயலாளர் கீழிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தார். கோபத்தோடு வந்தவர், சத்தம் நின்றிருப்பதைக் கண்டு நிதானமானார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லது" என்றார். "நிறுத்தினதுக்கு ரொம்ப நன்றி."

யாரும் பேசவில்லை. பதினேழு, பதினெட்டு.

"உங்களுக்கும் வருத்தம் இருக்கும். இல்லேங்கல. ஆனா நாலு பேரு சேந்து வாழற எடம், தம்பி. நீங்க எடுத்துச் சொல்லியிருப்பீங்க. எனக்குத் தெரியும்."

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

"சரி, எறக்குங்க. ஏன் நிக்கறீங்க?"

"இன்னும் நாலு இருக்கு, சார்" என்றான் அண்ணன்.

"நாலா? என்ன நாலு?"

அண்ணன் அவர் முகத்தையே பார்த்தான். மேல்படியில் ஊதுகிற மூன்று பேரும் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.