சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் அண்ணனுக்கு நான் வைத்த பெயர் மில்லிமீட்டர். அவன் எனக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. ஒரே கொட்டகையில் ஒரே காரை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கட்டிக்கொண்டிருந்தோம்.

பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்திறங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டிய கார் அது. பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் இருவருமாக ஆசைப்பட்டு வாங்கினோம். கதவு பொருத்தும்போது வந்தது வினை. கதவைச் சுற்றியுள்ள இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். நான் மாட்டிய கதவை அவன் கழற்றிக்கொண்டே இருந்தான். ஒரு கட்டத்தில் ஸ்பேனர் பறந்தது. எறிந்தவன் நான்தான். அவன் மேல் படவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

மறுநாள் அவன் சாக்பீஸ் எடுத்துக் கொட்டகைத் தரையில் கோடு கிழித்தான். கோடு காருக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து சுவரில் முட்டியது. இடது பாதி அவனுடையது, வலது பாதி என்னுடையது. அதன்பிறகு எது வேண்டுமானாலும் அம்மா மூலம்தான். கைக்கெட்டும் தூரத்தில் அவன் நிற்பான். நான் சமையலறைப் பக்கம் திரும்பி, பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுக்கச் சொல் என்பேன். அம்மா ஈரக்கையோடு வந்து அவனிடம் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அடுப்பில் ஏதாவது கருகினால் இருவருக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

பிரிவதற்கும் அம்மா வழியாகவே பேசி முடித்தோம். சாலையில் ஓட்ட அனுமதி தரும் சோதனையில் கார் தேறியதும் வாடகை வீட்டைக் காலி செய்வது. கார் எனக்கு, கருவிகள் முழுவதும் அவனுக்கு. அவன் தன் வேலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை பார்த்துவிட்டான், நானும் ஊரின் மறுகோடியில் ஒன்று பார்த்துவிட்டேன். இனி அந்த மூஞ்சியில் விழிக்க வேண்டாம் என்ற நினைப்பே எனக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. கார் தேற வேண்டும், அவ்வளவுதான்.

சோதிக்கிற அதிகாரி வண்டி மேல் தண்ணீர் பீய்ச்சுவார். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் தேறாது. அதனால் கடைசி வேலை, ஃபைபர் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளைப் பசை போட்டு அடைப்பது. இடுக்கின் இரு ஓரமும் டேப் ஒட்டி, துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவியால் பசையைப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக இழுத்து, காய்வதற்குள் டேப்பை உரிக்க வேண்டும். நான் விரலால் இழுத்தேன். மில்லிமீட்டர் அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செதுக்கி வைத்துக்கொண்டு, பல் வைத்தியன் மாதிரிக் குனிந்து குனிந்து பார்த்தான். அவன் பக்கம் என் பக்கத்தைவிட நன்றாகத்தான் வந்தது. வயிறு எரிந்தது.

சோதனைக்கு முந்தின நாள் மாலை, நாங்களே தண்ணீர் அடித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. உள்ளே டார்ச்சோடு உட்கார ஆள் வேண்டும். காரில் இருப்பதே இரண்டு இருக்கை. அவன் பக்கம் உட்கார்ந்தால் நான் முறைப்பேன், என் பக்கம் உட்கார்ந்தால் அவன் முறைப்பான் என்று அம்மாவுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே, கியர் தண்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் குழாயைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், தலையிலிருந்து கால்வரை நனைந்து அம்மா வெளியே வந்தாள். எங்கள் கதவுகளின் உட்புறம் காய்ந்து கிடந்தது. காரின் கூரை இரண்டு பாதிகளாக வரும், நடுவே போல்ட் போட்டுச் சேர்க்க வேண்டும். அந்த நடு இடுக்கு கோட்டுக்கு நேர் மேலே இருந்தது. அதில் பசையே இல்லை.

"அவன் அடைச்சிருப்பான்னு நெனச்சேன்," என்றேன் அம்மாவிடம்.

அவனும் அம்மாவிடம் அதையேதான் சொன்னான்.

அம்மா முந்தானையைப் பிழிந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"காரு இவனுக்கு, சாமானெல்லாம் அவனுக்கு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு ரூம் பாத்துட்டீங்க. என்னை யாரு கூட்டிட்டுப் போறதா இருக்கீங்க?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஸ்பேனர் பறந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தோம். அம்மாவை அவன் பார்த்துக்கொள்வான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவனும் அப்படியே நினைத்திருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அடைச்சுட்டுச் சொல்லுங்க," என்று அம்மா துணி மாற்றப் போனாள்.

கூரை இடுக்கைத் துடைத்து, உலர்த்தி, டேப் ஒட்டினோம். பசை உள்ளே ஒழுகாமலிருக்க ஒருவர் உள்ளேயிருந்து ஸ்பாஞ்சுக் கயிற்றை இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அவன் உள்ளே போனான். நான் ஸ்டூல் போட்டு ஏறினேன். கயிறு இன்னும் எட்டாத இடத்தில், இடுக்கு வழியாக அவன் ஒற்றைக் கண் தெரிந்தது.

"உன் ரூம்ல எடம் இருக்கா?" என்றான். அம்மா வழியாக வராத கேள்வி.

"உன் ரூம்ல?"

"நான் ராத்திரி ஷிஃப்ட் போறவன்டா."

"நான் மட்டும் வீட்ல படுத்துக் கெடக்கறேனா? நீதான மூத்தவன்."

"நீதான செல்லப்புள்ள."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அவன் மேல் கோபம் அதிகமாக இருந்தது. பசையை வேகமாகப் பிதுக்கிக்கொண்டே போனேன், அந்தக் கண் இருந்த இடத்தை நோக்கி.

இன்னும் ஒரு விரல் நீளம் பாக்கி இருந்தபோது அம்மா உலர்ந்த சேலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"இன்னும் காயலம்மா," என்றோம் நானும் அவனும், ஒரே குரலில்.

அம்மா இருவரையும் பார்த்தாள். "காயட்டும்," என்று விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனாள். நான் ஸ்டூல் மேலும் அவன் காருக்குள்ளும் இருட்டில் அப்படியே இருந்தோம். அந்த ஒரு விரல் இடுக்கு வழியாக அவன் மூச்சுவிடுவது கேட்டது.