மீன் தூள்

செத்துப்போன மூன்றாவது பன்றிக்குட்டியையும் குடமுருட்டி ஆற்றங்கரையோரம் புதைத்துவிட்டு வைரக்கண்ணு கொட்டகைக்குத் திரும்பினார். மனைவி அமிர்தம் அரைச்சுவரில் சாய்ந்து, மீதியிருந்த ஆறு குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளைக்கு முன்புவரை ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தவை. இப்போது கழிச்சலில் வயிறு ஒட்டி, வாலெல்லாம் நனைந்து, ஒரு மூலையில் குவிந்துகிடந்தன.

"நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். "தாய்க்குக் காம்பு புண்ணாப் போச்சேன்னு சீக்கிரமே பிரிச்சு விட்டுட்டேன். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கணும்."

வைரக்கண்ணு மண்வெட்டியைக் கழுவப் போனார்.

இரண்டு வருடத்துக்கு முன் அறுப்பு நேரத்தில் பெய்த மழையில், குத்தகை வயலில் சம்பா மொத்தமும் சாய்ந்து முளைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அமிர்தம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்து, இரண்டு வெள்ளைப் பன்றிகளைக் கொண்டுவந்து கட்டினாள். சொந்தத்தில் முகம் சுளிக்காதவர்கள் இல்லை. அவருக்கும் அப்போது மனசில்லைதான். ஆனால் அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பால் மறந்த குட்டியின் வயிற்றுக்குப் பாலைத் தவிர வேறெதுவும் தெரியாது, முதல் இரண்டு வாரம் பால் பவுடரும் மீன் தூளும்தான் அதற்குச் செரிக்கும், சோயாப் புண்ணாக்கைச் சிறுகச் சிறுகத்தான் கூட்ட வேண்டும் என்று கேட்டுவந்ததை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். தோள்வலிக்காரி என்பதால் தீவனம் கலக்குவது அவர் வேலை. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மீன் தூள் மூட்டையைப் பிரித்தால் தெருமுனைவரை வாடை அடிக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணிலிருந்து போகாது.

போன வாரம் பாபநாசத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணம். முப்பது வருடமாகச் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் பந்திக்குச் சாம்பார் வாளி அவர் கையில்தான். அன்றைக்கும் எடுத்தார். நாலு இலை தாண்டியிருக்க மாட்டார், ஒன்றுவிட்ட தம்பி சதீஷ் வந்து வாளியின் காதைப் பிடித்தான்.

"அண்ணே, நீங்க போயி ஒக்காருங்க. நான் பாத்துக்குறேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சு வாங்கிக்கொண்டான். இலையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலை நிமிரவில்லை. வைரக்கண்ணு சாப்பிடாமலே பஸ் ஏறி வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மீன் தூள் மூட்டையை அவர் பிரிக்கவில்லை. அந்த அளவுக்கும் சோயாப் புண்ணாக்கையே அள்ளிப் போட்டுக் கலக்கினார். அதுவும் சத்துதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அமிர்தத்துக்கு அந்த வாடை எப்போதோ பழகிப்போயிருந்தது. அது இல்லாமல் போனதை அவள் கவனிக்கவில்லை.

மூன்றாவது குட்டியைப் புதைத்த அன்று மதியம் கால்நடை டாக்டர் அனுராதா வந்தார். குட்டிகளின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தீவனத்துல எதாவது மாத்துனீங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்க மேடம். சுவத்துல ஒட்டியிருக்குற படிதான். இவங்கதான் கலக்குறாங்க" என்றாள் அமிர்தம்.

டாக்டர் அவரைப் பார்த்தார். வைரக்கண்ணு ஆமாம் என்று தலையாட்டினார். "அப்ப கிருமியாத்தான் இருக்கணும்" என்று டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்தபோது இன்னொன்று விறைத்துக் கிடந்தது.

அமிர்தம் அழவில்லை. முந்தின நாள் வடித்த சோறு யாரும் தொடாமல், தண்ணீர் ஊற்றியபடியே அடுப்படியில் இருந்தது. "எனக்குக் கைராசி இல்லங்க" என்றாள். "பெரிய பன்னி ரெண்டையும் குடுத்துடலாம். இது போதும்."

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. சம்பா சாய்ந்த வருடம்கூட அவள் 'போதும்' என்று சொல்லவில்லை.

"ஒம் மேல தப்பு இல்ல, அமிர்தம்." அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "மீன் தூள நாந்தான் நிறுத்துனேன். ஆறு நாளாச்சு. அதுக்குப் பதிலா சோயாவத்தான் போட்டேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "எதுக்கு?"

கல்யாண வீட்டில் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு வாளி, நாலு இலை, அவ்வளவுதான். ஆற்றங்கரையில் மூன்று மேடு, வாசலில் சாக்கில் சுற்றிய நாலாவது.

"ரெண்டு வருசமா எங் கையிலயும் கொட்டக வாடதான்" என்றாள் அமிர்தம். "அந்தக் கையாலதான் ஒங்களுக்குச் சோறு போடுறேன். நீங்க ஒரு நாளும் மூஞ்சியத் திருப்புனதில்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"திருப்புனதில்ல, அமிர்தம்."

"மொதல்ல டாக்டரம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்க" என்று போனை எடுத்து நீட்டினாள்.

சொன்னார். "நேத்தே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார் டாக்டர். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார்: தொட்டியைக் காலிபண்ணிக் கழுவணும், சாயங்காலம்வரை உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி மட்டும், அப்புறம் நீர்க்கக் கஞ்சி வச்சு பால் பவுடரோட மீன் தூள் ஒரு சிட்டிகை. "எத்தன பொழைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

சாயங்காலம் கஞ்சியை ஊற்றியதும் இரண்டு குட்டிகள் தள்ளாடி வந்து வாய் வைத்தன. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு வந்தன. அமிர்தம் உள்ளே போய்க் குட்டிகளோடு குந்தியிருந்தாள். அவர் அரைச்சுவருக்கு வெளியே நின்றார்.

அடுத்த அறையில் தாய்ப்பன்றி புரண்டு படுத்து உறுமியது. மூலையில் கிடந்த ஐந்தாவது குட்டி காதை உயர்த்தியது. கால்கள் நடுங்க எழுந்தது. தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. தாயின் குரல் வந்த சுவரில் மூக்கை ஒட்டிவைத்து, அப்படியே நின்றது.