கோல்ப் கிளப்பும் என் மேற்கு வேலியும்

நாரந்தனைக் கோல்ப் கிளப்பின் சரித்திரத்தை ஆளுக்கொரு விதமாய் அளப்பார்கள். என்னைக் கேட்டால், அது என் மேற்கு வேலியில் தொடங்கியது.

அந்த வேலியை அடைக்கிற பொறுப்பு பக்கத்துக் காணிக்கார மார்க்கண்டு அண்ணையுடையது. மலாயாவில் உத்தியோகம் பார்த்து, அறுபதுகளின் தொடக்கத்தில் பென்சனோடு ஊருக்கு வந்தவர். வெறும் புல்தரவையாய்க் கிடந்த தன் காணியில் குழி வெட்டி, கொடி நட்டு, தன்னைப் போன்ற பென்சன்காரரைச் சேர்த்துக் கிளப் தொடங்கினார். பந்து வேலிக்குள் சிக்குகிறதாம். ஒருநாள் வேலிக்கு நட்ட கதியால் தடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டார்!

"என்ன அண்ணை, எல்லை தெரியாமல் போகுமெல்லே?"

"பயப்பிடாதையும் இராசேஸ்வரி. விளையாட்டு முடிஞ்சால் இருந்த இடத்திலையே அடைச்சுத் தருவன்."

வருடா வருடம் வேலி அடைக்கிற சாட்டில் ஒரு சாண் நகர்த்துகிற ஊரில் இந்தக் கதையை யார் நம்புவார்? நான் புருஷனை இழந்தவள். அந்தக் காணிதான் மகள் மீனலோசனிக்குச் சீதனம். அது குறைந்தால் கலியாணம் குழம்பும்.

கிழக்குப் பக்கம் என் தம்பி சிவபாதத்தின் வளவு. "அந்தாள் கள்ளன். ஒரு கண் வைச்சிரு அக்கா" என்று அவன்தான் சொன்னான்.

வைத்தேன். கண்டறியாத கோல்ப்! பின்னேரமானால் கதிரையைப் போட்டு மேற்கே பார்த்தபடி இருப்பேன். ஒருவர் குனிந்தாலும் எல்லைக் கல்லைத் தோண்டுகிறாரோ என்று எழும்பி ஓடுவேன்.

"பந்துதான் இராசேஸ்வரி, பந்து" என்று சிரிப்பார்கள். சிரிக்கிறவனை நம்பலாமா?

மழை பொய்த்துப் புல் கருகியது. பென்சன்காரரும் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர, கிளப் படுத்துவிட்டது. மார்க்கண்டு அண்ணை சொன்னபடி வேலியை அடைத்தார். நான் நம்பவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சியா? மீனலோசனிக்குச் சம்பந்தம் சரிவந்ததும், சீதன உறுதி எழுதுமுன் காணி அளக்கிற சேவையரைக் கூப்பிட்டேன்.

"மேற்கை வடிவாய் அளவுங்கோ."

அளந்தார். "மேற்கு அச்சொட்டாய் இருக்கு. கிழக்கிலைதான் ஒரு பரப்புக் காணி குறையுது."

கிழக்கு வேலி தம்பியுடையது. ஆண்டுதோறும் அதை அவனே அடைத்தான். நான் மேற்கே பார்த்துக்கொண்டு, மீனலோசனியின் கையில் அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினேன்.

"அட நாசமாய்ப் போவானே, சிவபாதம்!"

வேலியைப் பிடித்து உலுக்கினேன். கதியால் அசையவில்லை, நன்றாக வேர் விட்டிருந்தது.