தகரம் பிடித்தவர்கள்

ஆசியாவிலேயே பத்திரமான வளைவு தம் பொறுப்பில்தான் இருக்கிறதென்று ஓவர்சியர் ஜோர்ஜ் 1974இல் கிராம சபைக் கூட்டத்தில் அறிவித்தார். ஒருவரும் மறுக்கவில்லை. டயகம தேயிலை மலைப் பாதையிலுள்ள அந்த வளைவில், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் மேல் மட்டும் மழை பெய்வது சபைக்குத் தெரியும். அது பாதை சம்பந்தப்பட்ட விடயமல்ல என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்கள்.

மலை முழுக்க வெயில் காய்ந்தாலும் அங்கே மழைதான். கொழுந்துக் கூடையோடு கடந்து போகிறவர் நனையமாட்டார். அவரே பஸ்ஸில் போவோமா என்று கொஞ்சம் தயங்கி நின்றால் தொப்பல். கொழுந்து பறிக்கும் தெரேசாவின் மகளுக்கு மூச்சிழுப்பு. செவ்வாய்க்கிழமை தோறும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நனைய விடாதே என்று சொல்லி டாக்டர் மருந்து தருவார். அந்த மருந்தை வாங்கத்தான் பிள்ளை வாராவாரம் நனைந்தது. மூச்சு வர வரக் குறுகியது.

தோட்டத்துச் சனங்கள் சபையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கூரை கேட்டுப் போனார்கள். தார் சபைக்குச் சொந்தம், தாருக்கு அப்பால் மண் தோட்டத்துக்குச் சொந்தம். மண்ணில் கட்டச் சபைக்கு அதிகாரமில்லை, பஸ் பயணிகளுக்குக் கட்டத் தோட்டத்துக்கு வழக்கமில்லை. மறுவருடம் தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. மண் யாருடையதென்று கேட்கவும் ஆளில்லாமல் போயிற்று. சபை பலமுறை ஆய்வுக்கு வந்தது, ஜீப்பில் வந்தது. ஜீப்பில் வருகிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை, ஆகவே அவர்கள் நின்ற இடத்தில் நல்ல வெயில். பக்கத்திலேயே தெரேசா சொட்டச் சொட்ட நின்றாள்.

"ஐயா, இங்கிட்டு வந்து நின்னு பாருங்க."

"நின்னுக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்?" என்றார் ஜோர்ஜ்.

"சும்மா நின்னா பெய்யாதுங்க. பஸ்ஸுக்கு நிக்கணும்."

"எனக்கு எதுக்கு பஸ்ஸு?"

தெரேசாவின் புருஷன் டக்ளஸ் தன் லயத்து வீட்டுக் கூரையிலிருந்து ஒரு தகரத்தைக் கழற்றி வந்தான். தூண் நட்டால் ஒரு வாரம் சபை பிடுங்கியது, மறுவாரம் தோட்டம் பிடுங்கியது. ஆகவே, காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி மலைக்கு ஆள் பிரிப்பதைப் போலவே தகரத்துக்கும் ஆள் பிரித்தார்கள். முனைக்கு ஒருவராக நாலு பேர் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் அடியில் நின்றார்கள். பிடித்தவர்களுக்குக் கை ஒழியாததால் அவர்கள் ஒரு நாளும் பஸ் ஏறவில்லை. மழை மட்டும் அவர்களையும் காத்து நிற்பவர்களாகவே எண்ணிப் பெய்தது.

அடுத்த ஆய்வில் ஜோர்ஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னங்கடா இது, மனுசக்கால் மண்டபமா? கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறதுக்குக் கோயில்ல போயி நில்லுங்களேன்!"

"இன்னிக்கு ஒராளு கொறையுதுங்க," என்றான் முன்முனை பிடித்திருந்த சோலைமலை. "நீங்க ஒரு கை குடுத்தா, சாமி கும்பிட்ட புண்ணியமும் சேந்து வருமுங்க."

"டேய், இது கையெழுத்துப் போடுற கை."

1979இல் கொழுந்து லொறியொன்று வளைவில் திரும்பும்போது தகரத்தில் உரசியது. பின்முனை பிடித்திருந்த செல்லசாமியின் தோள் இறங்கிவிட்டது. வளைவு பத்திரமானது, தகரம்தான் ஆபத்து என்று சபை கண்டறிந்து, அதை அகற்ற ஜோர்ஜை அனுப்பியது. அன்று செவ்வாய்க்கிழமை. இறங்கிய இடத்திலேயே ஜீப் நின்றுபோனது. டிரைவர் என்ன தள்ளியும் கிளம்பவில்லை. "சனியன், பஸ்ஸிலயே போயிர்றேன்," என்றார் ஜோர்ஜ். வாய் மூடுவதற்குள் மழை அவர்மேல் விழுந்தது.

எதிரே தகரம் மூன்று முனையில் நின்றது. பிடிக்க ஆளில்லாத செல்லசாமியின் முனை சரிந்து, தண்ணீரெல்லாம் பிள்ளையின் தலையில் வழிந்தது. மழைச் சத்தத்துக்கு மேலாக அதன் மூச்சு கேட்டது. தகரத்தை அகற்ற வந்த ஜோர்ஜ் அந்த முனையைத் தூக்கினார். பஸ் வந்தது. தெரேசாவும் பிள்ளையும் நனையாமல் ஏறினார்கள். "ஐயா, ஏறலீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"கை ஒழியல," என்றார் ஜோர்ஜ்.

மறுவாரம் ஜீப் நன்றாக ஓடியது. செவ்வாய்க்கிழமை அவர் அதில் வந்து இறங்கி, டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்முனைக்குப் போய் நின்றார். மழை அவருக்கும் சேர்த்துப் பெய்தது.