தலையாட்டி வாங்கிய திட்டு

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தபோது என் இடது காது போனது. நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு காதை வைத்துப் பிழைத்துக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. வெடிக்கும் முன், குண்டோடு வந்த படுபாவி கத்தியது, ஐந்து வேளையும் நான் தொழுகையில் சொல்லும் இறைவன் பெயரை. எட்டு மாதமாகத் தொழ நின்றால் அவன் குரல்தான் கேட்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

"வீட்டுல எரிஞ்சு விழுறதை அங்க போய்ப் பேசிட்டு வாங்க" என்று, குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு என் மனைவி விரட்டிவிட்டாள்.

நூலக மாடியில் பத்து நாற்காலிகள். தாடியும் தொப்பியுமாக நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு. இருந்தாலும் உட்கார்ந்தேன். இடப்பக்கம் இருந்த டீச்சரம்மா தணிந்த குரலில் ஏதோ பேச ஆரம்பித்தார். காது கேட்காதவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: விளங்காவிட்டாலும் சிரித்துத் தலையாட்டி வைப்பான். ஆட்டினேன். அவர் பேசப் பேச ஆட்டினேன். பூம்பூம் மாடு தோற்றது போங்கள்!

அவர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"உங்க ஆளுங்கதானே பண்ணாங்கன்னு கேட்டா ஆமாங்கிறீங்க! என் வீட்டுக்காரர் செத்ததுல சந்தோஷமான்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே ஆமாங்கிறீங்க! நீங்கல்லாம் மனுஷனா?"

"ஐயையோ!" துள்ளி எழுந்தேன். "இந்த இடது காது குண்டோட போச்சும்மா! நீங்க சொன்னது ஒண்ணுமே விழலை!"

மூலையில் இருந்த ஊன்றுகோல்காரர் குபீரென்று சிரித்தார். "பத்து நிமிஷத் திட்டு வீணாப்போச்சே டீச்சர்!"

டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்க. நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேம்மா. அவன் என் ஆளு இல்லை! நான் தினமும் சொல்ற பேரைக் கத்திட்டுப் போயிட்டான். இப்போ தொழ நின்னா அவன் சத்தம்தான் கேக்குது. காதோட என் தொழுகையையும் பிடுங்கிட்டானே, திருட்டுப் பய!" கத்தியேவிட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு.

டீச்சரம்மா நாற்காலியை என் வலப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் கத்திட்டா அந்தப் பேரு அவனுக்குச் சொந்தமாயிடுமா? அதே பேரைச் சொல்லி எங்க வீட்டுக்காரருக்காக வேண்டிக்குங்க."

கணவரின் பெயரைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. பேரைத் தப்பாச் சொன்னா அவருக்குப் பொல்லாத கோபம் வரும்."

அன்று மாலையே தொழ நின்றேன். அந்த மனிதரின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், படுபாவியின் குரலைக் கேட்கவே மறந்துபோனேன்.